சோக்கை உள்ளே தள்ள மறந்த கார்

கேள்வி: என்னிடம் இருப்பது 2010 மாடல் பெட்ரோல் கார். 1.1 லிட்டர், நான்கு சிலிண்டர், ஆக்ஸிலேட்டர் கேபிள் உள்ள வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் பக்கம் உள்ள பள்ளிக்குத் தினமும் இதில்தான் போய்வருகிறேன். ஏழெட்டு மாதமாக ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்குக் கீழே வருவதில்லை. ஈரோட்டில் டிராஃபிக்கில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டால் மட்டும் 1,100 வரை இறங்குகிறது. ஊர் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தும்போது பார்த்தால் மறுபடி 1,400. முன்பு லிட்டருக்கு 16, 17 கொடுத்த வண்டி இப்போது பத்தரை கொடுக்கிறது. ஒரு பட்டறையில் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். இன்னொன்றில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடியும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் கிளீன் செய்து, ஏதோ ஒரு ஸ்க்ரூவைத் திருகி வைத்தார்கள். மூன்றாவது இடத்தில் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. போன வருடம் கோடையில் ஒருமுறை கொதித்தது, ரேடியேட்டர் வேலை பார்த்தோம். அதற்குப் பிறகு வண்டி சூடே ஆவதில்லை. குடும்பத்தோடு திம்பம் ஏறினோம், 27 வளைவும் தாண்டி டெம்பரேச்சர் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. இசிஎம் மாற்றலாமா? அல்லது வண்டியையே விற்றுவிடலாமா? சிக்னலில் பிரேக்கை விட்டால் வண்டி தானாக நகர்வதால் என் மனைவி ஓட்டவே பயப்படுகிறார்.

பதில்: இசிஎம்மைத் தொடாதீர்கள் சார். விற்கவும் வேண்டாம், இப்போதைக்கு.

உங்கள் கடிதத்தில் குறையாக எழுதியதைவிட, பெருமையாக எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ‘வண்டி சூடே ஆவதில்லை.’ மூன்று பட்டறையிலும் நீங்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். நல்லா இருப்பதைப் போய் யாராவது மெக்கானிக்கிடம் சொல்வார்களா? ஆனால் பெட்ரோல் இன்ஜின் சூடாகியே ஆக வேண்டும். முள் கிட்டத்தட்ட நடுவில் வந்து, ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்க வேண்டும். திம்பம் ஏறியும் முள் பாதியைத் தொடவில்லை என்றால் அது வண்டியின் நோய்.

என்ன நடந்திருக்கும் என்று என் ஊகத்தைச் சொல்கிறேன். போன கோடையில் கொதித்தபோது ரேடியேட்டரைக் கழற்றியவர், இன்ஜினிலிருந்து ஹோஸ் கிளம்பும் இடத்தில் இருந்து, இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றிப் போட்டிருப்பார். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க” என்று ஒரு வார்த்தையும் சொல்லியிருப்பார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, நானும் கழற்றிப் போட்டவன்தான். நான் ஸ்பேனர் பிடிக்கப் பழகியது கார்புரேட்டர் காலம். அன்று எந்த வண்டி கொதித்து வந்தாலும் முதல் வைத்தியம் வால்வைக் கழற்றுவதுதான். கழற்றினால் வண்டி குளிர்ந்து ஓடும், கஸ்டமரும் சந்தோஷமாகப் போவார். கார்புரேட்டருக்கு இன்ஜின் சூடா குளிரா என்று தெரியாது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்ட சோக் பிடியை இழுப்பதும், நாலு தெரு தாண்டியதும் உள்ளே தள்ளுவதும் டிரைவர் வேலை. அதனால் வால்வு இல்லாத குறை யார் கண்ணிலும் படவில்லை.

கார்புரேட்டர் போய், இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் விடும் எம்பிஎஃப்ஐ வந்ததும் சோக் பிடி டேஷ்போர்டை விட்டுப் போனது. அந்த வேலை மட்டும் போகவில்லை, இசிஎம்முக்கு மாறிவிட்டது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டில் மூழ்கியிருக்கும் ஒரு சென்சாரைப் பார்த்து, இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா சூடாகிவிட்டதா என்று அது முடிவு செய்கிறது. குளிர்ந்திருந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஒரு பகுதி உள்ளே சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும், இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க ஐடிலிங்கையும் தூக்கிப் பிடிக்கும். சூடு ஏற ஏற இரண்டையும் குறைத்துக்கொண்டே வரும். வால்வு இல்லாத வண்டியில் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து குளிர்ந்து வருகிறது. ரோட்டில் 60, 70 வேகத்தில் எதிர்காற்றும் சேர்ந்தால், சூடு வரவேண்டிய அளவுக்கு வரவே வராது. இசிஎம்மும் ‘இன்னும் குளிராகத்தான் இருக்கிறது’ என்று பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எட்டு மாதமாக நீங்கள் சோக்கை இழுத்துவிட்டபடி சத்தியமங்கலம் போய்வருகிறீர்கள், அவ்வளவுதான். இசிஎம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதையே குற்றவாளி என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள்.

இந்த நோயில் இன்னொரு நஷ்டமும் உண்டு. சூடான இன்ஜினில் நீங்கள் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இசிஎம் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். இறக்கத்தில் வரும்போது, சிக்னலை நோக்கி வேகம் குறையும்போது சொட்டு பெட்ரோல் செலவாகாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் இந்த நிறுத்தல் பெரும்பாலும் நடக்காது. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்டுப் பெட்ரோல், காற்றுக் கலவையைத் திருத்திக்கொள்வதும் இன்ஜின் ஓரளவு சூடான பிறகுதான்.

சரி, இதெல்லாம் ஊகம். வால்வு இருக்கிறதா இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம், பத்து நிமிட வேலை. காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல் பக்கம் வரும் தடித்த ஹோஸ் மேல் கையை வையுங்கள். ஃபேன் எந்த நேரமும் சுற்றத் தொடங்கும், அதனால் சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், துண்டு கழுத்தில் தொங்க வேண்டாம். நல்ல வால்வு உள்ள வண்டியில் அந்த ஹோஸ் ஐந்தாறு நிமிடம் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். முள் மேலே ஏறிக்கொண்டிருக்கும், ஹோஸ் மட்டும் சில்லென்று இருக்கும். பிறகு திடீரென்று, சில நொடிகளுக்குள், கை வைக்க முடியாத சூடு வரும். வால்வு திறந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான வண்டிகளில் 82 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கி, 95ஐ நெருங்கும்போது முழுதாகத் திறக்கும். வால்வே இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது என்றால், முதல் நிமிடத்திலிருந்தே ஹோஸ் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். குழந்தைக்குக் குளிக்க வைத்த தண்ணீர் பதத்திலேயே நெடுநேரம் நிற்கும். சில வண்டிகளில் வால்வு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அப்போது கீழே தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஹோஸைத் தொடப் பயமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் காரில் ஹீட்டர் என்று ஒரு குமிழ் இருக்கும். கோபியில் அதை யார் தொட்டிருக்கப் போகிறார்கள்! ரோட்டில் அரை மணி நேரம் ஓடிய பிறகு ஏசியை நிறுத்தி, அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்பி, புளோயரைப் போடுங்கள். முகத்தில் அடிக்கும் காற்று தோசைக்கல் பக்கம் நிற்பதுபோல் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக மட்டும் வந்தால் இன்ஜின் சூடாகவே இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்திருக்கிறதா, அல்லது சென்சார் பொய் சொல்கிறதா? இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான், அதே அதிக ஐடிலிங், அதே பெட்ரோல் செலவு. பல வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், இசிஎம்முக்குத் தனியாக இரண்டு ஒயர் உள்ள இன்னொரு சென்சார் என்று இருக்கும். முள் ஒழுங்காக நடுவில் நிற்கும், இசிஎம்முக்குப் போகும் கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். உங்கள் வண்டியில் முள்ளும் கீழே, ஐடிலிங்கும் மேலே. அதனால் வால்வு மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். ஹோஸ் சோதனையில் வால்வு நல்லபடியாகத் திறந்து மூடுகிறது என்று வந்தால் மட்டும் சென்சார் பக்கம் போங்கள்.

சென்சாரைப் பார்ப்பதற்கு, இசிஎம்மில் உள்ள கணக்கைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரைக் காலையில் வீட்டுக்கே வரச்சொல்லி, இரவு முழுக்க நின்ற வண்டியை ஓட்டாமல் மாட்டிப் பார்ப்பது நல்லது. ஸ்டார்ட் செய்யும் முன், சாவியை ஆன் நிலையில் வைத்து, கூலன்ட் டெம்பரேச்சரையும் உள்ளே இழுக்கும் காற்றின் டெம்பரேச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். காற்று 27 காட்டி, கூலன்ட் 5 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. ஸ்கேனர் இல்லையென்றால் மல்டிமீட்டர் போதும். பெரும்பாலான ஜப்பானிய, கொரிய வகை சென்சார்கள் 20 டிகிரியில் இரண்டிலிருந்து இரண்டே முக்கால் கிலோ ஓம் காட்டும். 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைய வேண்டும். சூடான இன்ஜினில் ஆயிரத்துக்கு மேல் காட்டினால் மாற்றிவிடுங்கள். ஒயர் முழுக்க அறுந்திருந்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும், பல வண்டிகளில் ஃபேனும் நிற்காமல் ஓடும். ஆனால் சென்சார் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறினால் எந்த விளக்கும் எரியாது, ஆள் ஏமாந்துபோவது அங்கேதான்.

ஸ்கேனர் மாட்டும்போது கோளாறு கோடும் (இசிஎம் பதிந்துவைக்கும் எண்) பார்க்கச் சொல்லுங்கள். பி 0128 என்று வந்தால் ‘தெர்மோஸ்டாட் அளவுக்குச் சூடு வரவில்லை’ என்று வண்டியே சொல்கிறது. பி 0507 என்றால் ஐடிலிங் இருக்க வேண்டியதைவிட அதிகம். ஆனால் இந்தியாவில் கார்களுக்கு, கோளாறைத் தானே கண்டு கோடு பதியும் ஓபிடி-2 முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். உங்களது 2010 மாடல், அதற்கு முந்திய கட்டம். கோடு வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது பட்டறையில் ‘கோடு எதுவும் இல்லை, அப்போ இசிஎம்தான்’ என்றுதான் முடிவு கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோடு இல்லாத நேரத்தில், சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்களை, லைவ் டேட்டாவைப் பார்ப்பதற்குத்தான் ஸ்கேனர்.

இனி அடுத்த விஷயம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ரோட்டில் ஓடி வந்ததும் 1,400. டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்ற பிறகு 1,100. இந்த அளவு வண்டிக்கு, சூடான பிறகு, ஏசி இல்லாமல் இருக்க வேண்டியது 700க்கும் 850க்கும் நடுவே. டிராஃபிக்கில் நிற்கும்போது எதிர்காற்று இல்லை, அதனால் வால்வு இல்லாத இன்ஜின்கூட ஒருவழியாகச் சூடாகிவிடுகிறது, ஐடிலிங் இறங்குகிறது. அந்த 1,400க்கும் 1,100க்கும் இடைப்பட்ட 300 குளிரால் வந்தது. சூடான பிறகும் 1,100இல் நிற்கிறதே, அந்த மீதி 300 வேறு எங்கிருந்தோ வருகிறது. வால்வை மட்டும் மாட்டிவிட்டு ‘இன்னும் சரியாகவில்லையே’ என்று எனக்கு மறுபடி எழுதாமல் இருக்கத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் கோளாறு இரண்டு.

இரண்டாவதற்கு நான் சந்தேகப்படுவது அந்த ‘ஏதோ ஒரு ஸ்க்ரூ’வை. த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில், கேபிள் சக்கரம் வந்து முட்டும் இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கம்பெனியிலேயே அளவு பார்த்துப் பெயின்ட் பொட்டு வைத்து அனுப்புவார்கள். கார்புரேட்டரில் ஐடிலிங் ஸ்க்ரூ இருந்ததே, அந்த ஞாபகத்தில் கை தானாக இதன்மேல் போகும். இது ஐடிலிங் வைக்கும் ஸ்க்ரூ அல்ல. த்ராட்டில் தகடு சுவரில் சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் முட்டுக்கட்டை. ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் ஐஏசி வால்வின் வேலை. இசிஎம் அதைத் திறந்து மூடிக் காற்றை அளந்து விடும். ஸ்க்ரூவை உள்ளே திருகினால் தகடு கொஞ்சம் திறந்தபடியே நிற்கும். ஐஏசி தன் வழியை முழுக்க மூடினாலும் தகட்டு வழியே வரும் காற்றை அதனால் தடுக்க முடியாது. பெயின்ட் பொட்டு உடைந்திருக்கிறதா, ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லைவ் டேட்டாவில் ஐஏசி கிட்டத்தட்ட சுழியில் நின்றால் சந்தேகமே வேண்டாம். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜைப் பார்த்தபடி வைக்க வேண்டிய வேலை அது. மூடிய நிலையில் பொதுவாக அரை வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அது ஏறியிருந்தால் நீங்கள் காலை எடுத்ததே இசிஎம்முக்குத் தெரியாது.

ஸ்க்ரூ நன்றாக இருந்தால் காற்று வேறு வழியில் நுழைகிறது. த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கிளீன் செய்தவர்கள் பழைய கேஸ்கட்டையே போட்டு முடுக்கியிருக்கலாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் பிசிவி வால்வு ஹோஸ், சின்னச் சின்ன வேக்கம் ஹோஸ்கள் பதினைந்து வருடத்தில் மண்வெட்டிப் பிடி மாதிரி இறுகி வெடித்திருக்கும். இன்ஜின் ஓடும்போது மூக்குப் பிளையரில் துணி சுற்றி ஒவ்வொரு ஹோஸாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஆர்பிஎம் சட்டென்று விழுகிறதோ, அதன் பக்கம் பாருங்கள். காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க, சில பட்டறைகளில் கார்புரேட்டர் கிளீனரை இன்ஜின் மேல் பீய்ச்சிக் காண்பிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது விளையாட்டு அல்ல, சோப்புத் தண்ணீரே போதும். ஆக்ஸிலேட்டர் கேபிளில் துளி தளர்ச்சி இருக்கிறதா, கால் மிதியடி பெடலை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், மிதியடிக்காக என்னிடம் பில் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது தெர்மோஸ்டாட் வால்வு மாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நிதானம் வேண்டும். அந்த வால்வை ஒருவர் கழற்றினார் என்றால், வண்டி கொதித்ததால் கழற்றினார். ஏன் கொதித்தது என்று யாராவது கண்டுபிடித்தார்களா? ரேடியேட்டர் அடைப்பை, ஓடாத ஃபேனை, மூடியில் போன ரப்பரை, இதையெல்லாம் வால்வைக் கழற்றி மறைத்து வைத்திருக்கலாம். இப்போது புது வால்வு போட்டதும் மறைந்திருந்தது வெளியே வரும். ‘இவன் பேச்சைக் கேட்டு வால்வு போட்டேன், மறுபடி கொதித்தது’ என்று சொல்லும் நிலை வரக் கூடாது. போன கோடையில் கொதித்த நேரத்தில் வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால், உள்ளே உப்புப் பொருக்கு படிந்திருக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக் குழாயின் வாயைப் பார்த்தாலே தெரியும். அதேதான் ரேடியேட்டருக்குள்ளும், சென்சார் முனையிலும்.

அதனால் வரிசை இப்படி. முதலில் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. டீ டிகாஷன் நிறத்தில் இருந்தால் முழுக்க வடித்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி எடுக்கச் சொல்லுங்கள். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அதே எண் உள்ள மூடியாக வாங்குங்கள். 0.9 அல்லது 1.1 என்று மேலேயே இருக்கும். அந்த அழுத்தம்தான் தண்ணீரை 100 டிகிரியில் கொதிக்க விடாமல் 120 அளவு வரை பிடித்து வைக்கிறது. பிறகு புது வால்வு. பழையது கையில் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். தண்ணீர் சின்னக் குமிழ் விடும்போது நடுவில் இருக்கும் தட்டு பூப்போல் மெல்ல எழும்பும். கொதித்த பிறகும் எழும்பவில்லை என்றால் போன கோடையில் கொதித்ததற்குக் காரணம் அதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம். பச்சைத் தண்ணீரிலேயே திறந்தபடி இருந்தாலும் குப்பைதான். பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்டினால்கூட ஒரு நல்ல பாடம், உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிவதால் நடக்கும் வேலை அது.

புதுசு வாங்கும்போது வால்வின் மேல் பொறித்திருக்கும் டிகிரியைப் பாருங்கள். கடைக்காரர் 71, 76 எண் உள்ளதைக் கொடுத்து ‘இது கூலா ஓடும்’ என்பார். உங்கள் வண்டி எதற்குச் செய்யப்பட்டதோ அதுதான் வேண்டும். அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஆணி இருந்தால் அது மேல் பக்கம் வரும்படி மாட்ட வேண்டும், சிக்கிய காற்று அது வழியாகத்தான் போகும். விலை சில நூறு ரூபாய். கூலன்ட்டைப் பாட்டிலில் போட்டிருக்கும் விகிதப்படி, பேட்டரி தண்ணீர் என்று விற்கும் சுத்த நீரில் கலந்து ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு மூடியை உடனே போடாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்திக் கொடுத்தால் காற்று குபுக் குபுக்கென்று வெளியேறும். காற்று உள்ளே நின்றால் சென்சார் காற்றில் தொங்கும், ஐடிலிங் ஏறி இறங்கி ஆடும். மறுபடி யாராவது இசிஎம் என்று ஆரம்பிப்பார்கள்.

அன்றே திம்பம் கிளம்பிவிடாதீர்கள். வீட்டு வாசலில் ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்பதை இரண்டு முறை பாருங்கள். ஒரு வாரம் பக்கத்து ஊருக்குள்ளேயே ஓட்டி முள்ளைக் கவனியுங்கள். நடுவைத் தாண்டி ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு இன்னும் இருக்கிறது. தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, எங்கும் ஒழுகவும் இல்லையென்றால் இன்ஜினின் மேல்பகுதியை அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும், அது வேறு கதை.

இன்ஜின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள், கிலோமீட்டர் வராவிட்டாலும். எட்டு மாதமாக எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை அடித்தால் ஆச்சரியமில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல் ஏதாவது அப்பியிருந்தால் அது ஈரப்பதம். இன்ஜின் சூடாகியிருந்தால் ஆவியாகிப் போயிருக்கும். ஆனால் அதே வெண்ணெயோடு கூலன்ட்டும் குறைந்தால், மேலே சொன்ன கேஸ்கட் விஷயத்தை நினைவில் வையுங்கள்.

மைலேஜ் கணக்கில் உங்களோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு இருக்கிறது. பத்தரை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஐநூறு ரூபாய்க்குப் போட்டு, முள் எப்போது சிவப்புக்கு வருகிறது என்று பார்த்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஒரே பங்கில் முழு டேங்க், தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிட்டு மீட்டரை சுழிக்குக் கொண்டுவாருங்கள். முந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி அதே போல் நிரப்பி, போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வால்வு இல்லாததால் மட்டும் 16 என்பது பத்தரையாக விழுந்து நான் பார்த்ததில்லை. என் அனுபவத்தில் அதன் பங்கு இரண்டு கிலோமீட்டர் அளவுதான். ஸ்க்ரூ இன்னும் கொஞ்சம் தின்னும். அதற்கும் மேல் குறைந்தால் டயர் காற்றையும், பிடித்தபடி நிற்கும் பிரேக்கையும் பாருங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பதால் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. எத்தனாலில் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் கணக்குப்படி ஆறேழு சதவீதம் போகலாம். 16க்கு அது ஒரு கிலோமீட்டர். மீதியை எத்தனால் தலையில் போட முடியாது.

உங்கள் மனைவி ஓட்டப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்த வேலைகள் முடியும் வரை, நெரிசலிலும் வீட்டு கேட்டுக்குள் ஏற்றும்போதும் வண்டியை அவரிடம் கொடுக்காதீர்கள். நீங்களும் சிக்னலில் கியரில் போட்டுக்கொண்டு அரைக் கிளட்சில் நிற்க வேண்டாம். நியூட்ரலுக்கு வந்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். 1,400இல் அரைக் கிளட்சில் எட்டு மாதம் நின்ற வண்டிக்கு கிளட்ச் பிளேட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும், வண்டி பட்டறைக்குப் போகும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.